பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது, முன் வலது சக்கரம் மட்டும் சுடுகிறது (1999 ஜென்)

வளவு வீட்டுக்காரர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். அப்பச்சி 1999-இல் வாங்கிய மாருதி ஜென் இன்னும் கானாடுகாத்தான் வீட்டில் நிற்கிறது. நாங்கள் சென்னையில் இருப்பதால் பொங்கலுக்கும், முன்னோர்களுக்குச் செய்யும் வீட்டுப் படைப்புக்கும், உறவில் கல்யாணம் வந்தாலும்தான் அதை எடுப்போம். மற்ற நாள்களில் பின்தெருப் பக்கத்துக் கொட்டகையில் கைப்பிரேக் போட்டபடியே கிடக்கும்.

இம்முறை ஏழு மாதம் கழித்து எடுத்துப் பிள்ளையார்பட்டிக்குப் புறப்பட்டேன். காரைக்குடியைத் தாண்டியதும், 60 கி.மீ. வேகத்துக்கு மேல் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறத் தொடங்கியது. மிதித்தவுடன் வண்டி சற்று இடப்பக்கம் ஒதுங்குகிறது. காலை எடுத்த பிறகோ வலப்பக்கம் இழுக்கிறது. குன்றக்குடி அருகே நிறுத்தியபோது முன் வலது சக்கரத்தில் கருகல் வாடை, கை வைக்க முடியாத சூடு. பதற்றத்தில் இரண்டு பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் சக்கரம் தடையின்றிச் சுழன்றது, ஆனால் 10 கி.மீ. ஓடியதும் மீண்டும் அதே கதை.

ஊரில் ஒரு பட்டறையில் காட்டினேன். ஓட்டிப் பார்த்தவர், முன் சக்கரங்களோடு சுழலும் பிரேக் தட்டுகளான டிஸ்க் இரண்டும் வளைந்துவிட்டன, புதிதாகவே போட வேண்டும் என்றார். ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நடுக்கமும் சூடும் ஒரே கோளாறா, இரண்டா? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பழைய பத்மினி எழுதியது:

வளைந்த டிஸ்க் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மையில் வளைவே அன்று. நெடுநாள் நின்ற வண்டியில், டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் படிந்திருந்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் துரு ஏறும். அல்லது சூடான பேட்டின் பொருள் ஓரிடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் பேட் அந்தத் தடத்தைக் கடக்கும்போது பிடி கூடிக் குறைவதைத்தான் ஸ்டியரிங் நமக்குச் சொல்கிறது. என் வண்டியில் ஆளில்லாத சாலையில் பத்துப் பன்னிரண்டு முறை நடுத்தர அழுத்தத்தில் மிதித்து வேகம் குறைத்ததிலேயே அது தேய்ந்து சரியாகிவிட்டது. நீங்களும் முதலில் அதைச் செய்து பாருங்கள் அண்ணே, செலவில்லாத வைத்தியம்.

தேவகோட்டைப் பட்டறை எழுதியது:

துருத்தடத்தைப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் இந்த வண்டிக்கு இப்போது அந்த வைத்தியம் ஆகாது. ஒரு சக்கரம் கை வைக்க முடியாமல் சுடும்போது பிரேக்கை மேலும் மேலும் மிதித்தால் பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும்; காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழையதான பிறகு அந்தத் தாங்கும் அளவு 140 டிகிரிக்கு அருகே இறங்கிவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. கோளாறு தெரியும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

என் கணிப்பில் பிடிப்புதான் காரணம், நடுக்கம் அதன் விளைவு. அந்தச் சக்கரம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு ஓடியதால் டிஸ்க் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. அந்தச் சூட்டில் நீங்கள் தண்ணீர் ஊற்றியது நல்லதன்று, வார்ப்பிரும்பு ஒரு பக்கம் மட்டும் திடீரெனக் குளிர்ந்தால் திருகிக்கொள்ளவோ விரிசல் விடவோ கூடும். காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புது டிஸ்க் போட்டால் அதுவும் சில நூறு கிலோமீட்டரில் இதே கதிக்கு வரும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். மிதித்தவுடன் இடப்பக்கம் ஒதுங்குகிறது என்றால் வலது பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது. காலை எடுத்த பின் வலப்பக்கம் இழுக்கிறது என்றால் அதே வலது பிரேக் தாமதமாக விடுகிறது. போகும்போதும் வரும்போதும் ஆயிலுக்கு வழி அடைபட்டால்தான் இப்படி இரண்டும் சேர்ந்து நடக்கும். சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் இருபத்தைந்து வருடப் பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி, துளை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிப்போயிருக்கும். காலின் வலிமை ஆயிலை அந்தப் பக்கம் தள்ளிவிடும். திரும்பி வரத் தள்ளுவதற்கு அங்கே அவ்வளவு வலிமை இல்லை.

உறுதி செய்யும் முறை இது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்த பிறகே கை வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் குனிய வேண்டாம். ஒருவர் பெடலை நன்றாக மிதித்து விட, சக்கரம் கையால் சுழலவில்லை என்றால், பேட்டை டிஸ்கின்மேல் அழுத்தும் காலிப்பரில் உள்ள, ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளை ஒரு சிறு குழாய் மாட்டித் திறவுங்கள். ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் உடனே இளகினால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று பொருள். நிப்பிளைத் திறந்தும் இளகவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது, அல்லது காலிப்பர் சறுக்கி நகரும் கம்பிகளான பின்கள் கிரீஸ் வற்றி இறுகியிருக்கின்றன. அழுத்தம்தான் என்று தெரிந்தால், ஆயிலைத் திரும்ப நிரப்பி மீண்டும் பிடிக்க வைத்து, இம்முறை ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் இடத்தை இளக்குங்கள். அங்கே இளக்கியும் சக்கரம் விடவில்லை என்றால் குற்றம் ஹோஸில். விட்டுவிட்டால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். ஆனால் மாஸ்டர் சிலிண்டர் கெட்டால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சக்கரங்கள் சுடும். உங்களுக்கு ஒன்றுதான் சுடுகிறது.

பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், கண்ணில் படக்கூடாது. பழைய பேட் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

வளவு வீட்டுக்காரர் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. காரைக்குடியில் வேறொரு மெக்கானிக்கை வீட்டுக்கே அழைத்து வந்து, நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். முகம் சுளிக்காமல் அப்படியே செய்தார். நிப்பிளைத் திறந்ததும் கறுத்த ஆயில் பீய்ச்சியது, சக்கரம் சுழன்றது. மீண்டும் பிடிக்க வைத்து மேல் இணைப்பை இளக்கியபோது சக்கரம் அசையவில்லை. கழற்றிய ஹோஸின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதினார், மறுமுனையில் காற்றே வரவில்லை. (பிரேக் ஆயில் நனைந்ததை வாயில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குள் ஊதிவிட்டார்.)

முன் ஹோஸ் இரண்டும், காலிப்பர் ரப்பர்களும், இரு பக்கப் பேட்களும் மாற்றி, ஆயில் முழுவதையும் வடித்துப் புதிது ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றையும் எடுத்தாயிற்று. டிஸ்கைக் கழற்றியபோது அதற்கும், அது மாட்டியிருக்கும் ஹப்புக்கும் இடையே துருப் பொருக்கு இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டி, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் டிஸ்கின் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. மீதிக்கு வலது டிஸ்கை மட்டும் லேத்தில் கொடுக்கலாமா, இரண்டையுமா?

தேவகோட்டைப் பட்டறை எழுதியது:

டிஸ்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேல் நிற்குமானால் இரண்டையும் கொடுங்கள்; புதுப் பேட் இரு பக்கமும் ஒரே மாதிரியான முகத்தில் படிய வேண்டும். லேத்துக்காரரிடம் வலது டிஸ்கின் விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மயிரிழை அளவு தெரிந்தாலும் அதைக் கடைய வேண்டாம், ஜோடியாக இரண்டையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

பழைய பத்மினி எழுதியது:

நான் சொன்ன வைத்தியத்தை நல்லவேளையாக நீங்கள் செய்யவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: மாதக்கணக்கில் நிறுத்தும்போது கைப்பிரேக் போடாதீர்கள். பின் சக்கர டிரமில் உள்ளிருந்து பிடிக்கும் பிரேக் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்ளும், ஐப்பசி மழைக் காலத்தில் அது இன்னும் விரைவில் நடக்கும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். சாவி வைத்திருப்பவரிடம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பிரேக் மிதித்து வரச் சொல்லுங்கள்.