புகாரா, அப்பீலா?

குழு: கொடுமுடிச் சொந்தங்கள்
புதன், மார்ச் 11, டெக்சாஸ் நேரம் காலை 8:12

செல்வி (பிளேனோ): [கடிதத்தின் படம்]
இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து நேற்றுத் தபாலில் வந்தது. கவினுக்கு வாரம் 2 முறை நடக்கும் ஸ்பீச் தெரபியை 16ஆம் தேதியிலிருந்து 1 ஆகக் குறைக்கிறார்களாம். ‘போதிய முன்னேற்றம் இல்லை’ என்று காரணம் போட்டிருக்கிறார்கள். இராத்திரி தூக்கமே வரவில்லை.

சரோஜா அத்தை (கொடுமுடி): முன்னேற்றம் இல்லையா? போன வாரம் வீடியோ காலில் என்னைப் ‘பா’ என்று கூப்பிட்டானே, அது பாட்டி இல்லாமல் வேறு என்னவாம்? மகுடேசுவரருக்கு விளக்குப் போடுகிறேன் கண்ணு.

தினேஷ்: நேற்றே போன் செய்து ஒரு பிடி பிடித்துவிட்டேன். 40 நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். அப்புறம் ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பதிவு செய்துவிட்டேன் என்று எண் கொடுத்தார்.

பாரதி (சான் அன்டோனியோ): மச்சான், என்னவென்று பதிவு செய்தார்? புகாரா, அப்பீலா?

தினேஷ்: கம்ப்ளெயின்ட் நம்பர் என்றார். எல்லாம் ஒன்றுதானே?

பாரதி: இல்லைங்க. எங்கள் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் மேசையில் வாரம் ஒரு குடும்பமாவது இதில்தான் வழுக்கி விழுகிறது. நர்ஸ் மரியாதையில்லாமல் பேசினார், வண்டி நேரத்துக்கு வரவில்லை என்றால் அது புகார். மன்னிப்புக் கடிதம் வரும், அவ்வளவுதான். சிகிச்சையை மறுத்த, குறைத்த முடிவையே மாற்றச் சொல்வது அப்பீல். ‘அப்பீல்’ என்ற சொல்லை வாயால் சொல்ல வேண்டும்.

முருகேசன் மாமா (ஈரோடு): எனக்கு ஒன்று புரியவில்லை அம்மிணி. கவினுடையது அரசாங்கக் கார்டு என்றுதானே சொன்னீர்கள்? இங்கே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மாதிரி. அப்படியிருக்க நடுவில் இந்தக் கம்பெனிக்காரன் யார்?

பாரதி: கார்டு மெடிக்கெய்ட், அரசாங்க மருத்துவக் காப்பீடுதான் மாமா. ஆனால் டெக்சாஸில் ஊனமுள்ள பிள்ளைகளை 2016 நவம்பரிலிருந்து ‘ஸ்டார் கிட்ஸ்’ என்ற ஏற்பாட்டில் கம்பெனிகளின் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். காலேஜ் ஹாஸ்டல் மெஸ் காண்டிராக்ட் நினைவிருக்கிறதா? தலைக்கு மாதம் இவ்வளவு என்று காண்டிராக்டருக்குப் போய்விடும். யார் எத்தனை தோசை சாப்பிட்டாலும் அவருக்கு வருவது அதே பணம். அதனால் மூன்றாவது தோசை கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார். அது மாதிரி.

முருகேசன் மாமா: புரிந்தது, நன்றாகவே புரிந்தது. எங்கள் மெஸ்ஸில் இரண்டாவது தோசைக்கே பார்ப்பான்.

செல்வி: பாரதி, இப்போது நான் என்ன செய்ய? டாக்டர் ஆபீஸில் ‘நாங்களே அப்பீல் போடுகிறோம், நீங்கள் கவலைப்படாதீர்கள்’ என்கிறார்கள்.

பாரதி: போடட்டும் அக்கா, நீங்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் அவர்களால் முடியும். ஆனால் அப்பீல் முடியும் வரை பழையபடி 2 முறை நடக்க வேண்டும் என்ற கோரிக்கையை டாக்டர் வைக்க முடியாது. அதைக் குடும்பம்தான் கேட்க வேண்டும். முக்கியமான இடமே இதுதான்.
அப்பீலுக்குக் கடிதத் தேதியிலிருந்து 60 நாள் இருக்கிறது. பழைய சேவை நிற்காமல் இருக்க அவ்வளவு அவகாசம் கிடையாது: கடிதம் அனுப்பி 10 நாள், அல்லது குறைப்பு தொடங்கும் நாள், இரண்டில் எது பிந்தியதோ அதற்குள். கடிதத்தில் மார்ச் 4 என்று இருக்கிறது. அதிலிருந்து 10 நாள் என்றால் 14, சனிக்கிழமை. 16 வரை இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காமல் இன்றைக்கே கேளுங்கள். வாரம் 2 முறைக்கு முன்பு கொடுத்த அனுமதி எந்தத் தேதி வரை?

செல்வி: ஜூன் 30.

பாரதி: அப்பாடா. அது முடிந்துபோயிருந்தால் தொடரச் சொல்லிக் கேட்க வழியில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கடைசியில் நாம் தோற்றால், நடுவில் நடந்த வகுப்புகளின் செலவை நம்மிடம் திருப்பிக் கேட்க அவர்களுக்கு இடமுண்டு. இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள்.

தினேஷ்: பேச என்ன இருக்கிறது? கேட்கத்தான் போகிறோம். ஆனால் முன்னேற்றம் இல்லை என்கிறவனிடம் என்ன சொல்வது?

பாரதி: அந்த வாதமே பலமில்லாதது மச்சான். மெடிக்கெய்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு மருத்துவத் தேவை என்றால் கொடுத்தாக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டமே சொல்கிறது. நிலைமை மேம்பட்டால்தான் என்றில்லை. இருக்கிறது கைவிட்டுப் போகாமல் காப்பதும் தேவைதான். தெரபிஸ்டிடம் இதையே எழுதி வாங்குங்கள்: வகுப்பு குறைந்தால் கவின் எதை இழப்பான், விழுங்குவதில் என்ன சிரமம் வரும் என்று. ‘நல்ல பையன், ஒத்துழைக்கிறான்’ என்ற மாதிரிக் கடிதம் வேண்டாம்.
முடிவெடுக்கப் பயன்படுத்திய காகிதம் எல்லாவற்றையும் கம்பெனிக்காரர்களிடம் கேளுங்கள், இலவசமாகத் தர வேண்டும். முதலில் குறைத்தவரே அப்பீலையும் பார்க்கக் கூடாது, வேறு ஆள்தான். 30 நாளுக்குள் பதில் வரும். அதிலும் தோற்றால் மாநில அரசின் விசாரணை, ஃபேர் ஹியரிங், இருக்கிறது. அதற்கும் சேவையைத் தொடரச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும், அதுவும் 10 நாளுக்குள்.

சரோஜா அத்தை: இத்தனை இங்கிலீஷ் பேச வேண்டுமே. பகலில் பிள்ளையோடு இருப்பது சம்பந்தியம்மா. அவருக்குப் போன் வந்தால்?

பாரதி: தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் இலவசமாக இணைக்க வேண்டும் அத்தை. பார்வை மங்கியவருக்குப் பெரிய எழுத்தில் கடிதமும் தர வேண்டும். கேட்டால்தான் வரும்.

காலை 11:47

செல்வி: பேசிவிட்டேன். ‘நான் அப்பீல் செய்கிறேன், முடியும் வரை 2 முறையே தொடர வேண்டும்’ என்று பாரதி சொன்னபடியே எழுதி வைத்துப் படித்தேன். முதல் ஆள் ‘ஏற்கெனவே கம்ப்ளெயின்ட் இருக்கிறதே’ என்றார். அது வேறு, இது வேறு என்றேன். வேறு ஒருவரிடம் மாற்றி, புது எண் கொடுத்தார்கள். பெயர், நேரம் எல்லாம் குறித்துக்கொண்டேன்.

முருகேசன் மாமா: சபாஷ்!

பாரதி: அருமை அக்கா. அதையே ஒரு பக்கம் எழுதி இன்றைக்கே ஃபேக்ஸும் அனுப்புங்கள், அனுப்பிய ரசீது பத்திரம். கடிதம் வந்த உறையையும் சேர்த்து வையுங்கள், அதில் தபால் முத்திரைத் தேதி இருக்கும்.

செல்வி: உறையா?

தினேஷ்: நான்தான் நேற்றுக் கிழித்துப் போட்டேன். குப்பை வண்டி தெரு முனையில் நிற்கிறது. இருங்கள், ஓடுகிறேன்.