வீட்டில் பதிந்த டிரம்ஸ்: ஓவர்ஹெட்டை ஏற்றினால் ஸ்நேர் மெலிந்துவிடுகிறது

கேள்வி

வணக்கம். எங்கள் மூவர் பங்க் ராக் குழுவின் நான்கு பாடல்களுக்கான டிரம்ஸை, பத்துக்குப் பன்னிரண்டு அடி உள்ள என் அறையிலேயே பதிந்திருக்கிறேன். கிக்குக்குள் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒன்று, ஸ்நேருக்கு (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) ஒன்று, இரண்டு டாம்களுக்கு இரண்டு, டிரம்ஸுக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் இரண்டு என மொத்தம் ஆறு மைக்குகள். ஸ்நேர் மைக்கை மட்டும் கேட்டால் அடி கனமாக விழுகிறது. ஓவர்ஹெட் ஃபேடர்களை (ஒலியளவுக் கட்டுப்பாடுகளை) ஏற்றத் தொடங்கியதும் அந்தக் கனம் வடிந்து, தகர டப்பாவைத் தட்டியது போன்ற ஓசைதான் மிஞ்சுகிறது. 200 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றிப் பார்த்தேன், மொத்த டிரம்ஸையும் கம்ப்ரஸரில் (உரத்த ஒலியைத் தணிக்கும் கருவி) இறுக்கிப் பார்த்தேன். சிம்பல் இரைச்சல் கூடியதே தவிர வேறு பயனில்லை. வேகம் நிமிடத்துக்கு 180 தட்டு. கிடார்கள் நுழைந்ததும் கிக்கும் காணாமல் போகிறது. வாடகை டிரம்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் மறுபடி பதிய வழியில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1

எல்லா ஈக்யூவையும் (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது) கம்ப்ரஸரையும் அணைத்துவிட்டு, தனியாக விழுந்த ஓர் ஸ்நேர் அடியைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்நேர் டிராக்கில் அலை எழும் இடத்துக்கும் ஓவர்ஹெட்டில் எழும் இடத்துக்கும் இடைவெளி இருக்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஆகவே ஓவர்ஹெட் 90 செ.மீ. கூடுதல் தொலைவில் இருந்தால் அந்த அடி அங்கே 2.6 மில்லிசெகண்ட் தாமதமாகச் சேரும். அது 190 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி நீளம், அதாவது ஒரு மைக்கில் அலை மேலேறும்போது மற்றதில் கீழிறங்குகிறது. ஸ்நேரின் உடல் இருப்பதும் அந்த இடத்தில்தான். இரண்டு டிராக்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஈக்யூவை எவ்வளவு ஏற்றினாலும் பலனிருக்காது. ஓவர்ஹெட் இரண்டிலும் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அழுத்தி, மோனோவில் (இரு பக்கத்தையும் ஒன்றாக்கி) கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

அளந்தேன்: இடப்பக்கம் 2.6, வலப்பக்கம் 2.7 மில்லிசெகண்ட். நூல் பிடித்து இரண்டையும் ஒரே தொலைவில் வைத்தது வீண்போகவில்லை. போலாரிட்டியைத் திருப்பியதும் ஸ்நேர் நெஞ்சில் அடிப்பது போலத் திரும்பி வந்துவிட்டது. மூன்று வாரமாக இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் இப்போது கிக்கின் அடிக்கனம் குறைந்திருக்கிறது.

பதில் 2

அது எதிர்பார்க்க வேண்டியதுதான். கிக்கிலிருந்து ஓவர்ஹெட்டுக்கு உள்ள தொலைவு வேறு என்பதால், ஸ்நேருக்குப் பொருந்திய திருப்பம் 60 ஹெர்ட்ஸில் கிக்குக்கு எதிராக வேலை செய்கிறது. போலாரிட்டியைப் பழையபடி வைத்துவிட்டு, ஓவர்ஹெட் இரண்டையும் 2.6 மில்லிசெகண்ட் முன்னால் நகர்த்துங்கள்; ஸ்நேர் முழுதாகப் பொருந்தும், கிக்கும் ஒரு மில்லிசெகண்ட் வித்தியாசத்துக்குள் வந்துவிடக்கூடும். இப்படி நகர்த்தினால் அறையின் இயல்பான வெளி (விசால உணர்வு) கெட்டுவிடும் என்பவர்கள் உண்டு. பெரிய அறைக்கு அது சரியான கவலை; உங்கள் அறையில் காப்பாற்ற வேண்டிய வெளி அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.

கம்ப்ரஸரைப் பொறுத்தவரை, அட்டாக் (அது செயல்படத் தொடங்க எடுக்கும் நேரம்) மிக வேகமாக இருந்தால் குச்சி தோலில் படும் அந்த முதல் நொறுங்கலையே அது விழுங்கிவிடும். ராக்கின் ஆக்ரோஷம் குடியிருப்பது அங்கேதான். ஸ்நேருக்கும் கிக்குக்கும் 20 முதல் 30 மில்லிசெகண்ட் அட்டாக் வையுங்கள். 180 வேகத்தில் அரைத்தட்டு 167 மில்லிசெகண்ட் என்பதால், ரிலீஸ் (பிடியை விட எடுக்கும் நேரம்) 150க்குள் இருந்தால்தான் அடுத்த அடிக்கு முன் கம்ப்ரஸர் மூச்சு விட்டிருக்கும். கம்ப்ரஸரில் கடுமையாக நசுக்கிய பிரதி ஒன்றை அடியில் கலக்க விரும்பினால், அதற்குக் கிக், ஸ்நேர், டாம்களை மட்டும் அனுப்புங்கள். ஓவர்ஹெட்டை அனுப்பியதால்தான் உங்களுக்குச் சிம்பல் இரைந்தது.

பதில் 3

கிக் காணாமல் போவதற்குக் கிக்கைக் குறை சொல்வதற்கு முன் கிடார்களைப் பாருங்கள். டிஸ்டார்ஷன் ஏறிய கிடாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், கிக்குக்கும் பேஸுக்கும் இடம் கிடைக்கும். கிக்கில் 350 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அட்டைப்பெட்டி ஓசையைக் குறைத்து, பீட்டர் (கிக்கை அடிக்கும் சுத்தி) தோலில் படும் 3, 4 கிலோஹெர்ட்ஸைச் சற்று ஏற்றினால் சிறிய ஸ்பீக்கரிலும் அடி தெரியும்.

உங்களிடம் அறை மைக் (தள்ளி நின்று அறையின் எதிரொலியைப் பிடிப்பது) இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. 1971இல் வெளிவந்த லெட் ஸெப்பலின் ராக் குழுவின் நான்காம் ஆல்பத்தில் உள்ள ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாடலுக்காக, ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் படிக்கட்டுக் கூடத்தில் அவர்களது டிரம்மர் ஜான் பானமின் டிரம்ஸை வைத்து, மேலே இரண்டு மைக் மட்டும் கட்டிப் பதிந்தார்கள். உங்கள் கட்டடத்திலும் மாடிப்படி இருக்குமே. ஸ்நேர் டிராக்கை ஒரு ஸ்பீக்கர் வழியாக அங்கே ஒலிக்கவிட்டு, ஒரு மாடி மேலே மைக் வைத்துப் பதியுங்கள். ஸ்நேர் டிராக்கில் கசிந்திருக்கும் ஹை-ஹாட்டை (மிதியால் இயங்கும் ஜோடிச் சிம்பல்) முதலில் கேட் (மெல்லிய ஒலியை மூடிவிடும் கருவி) போட்டு அடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் படிக்கட்டு முழுவதும் அதுதான் ஒலிக்கும். பதிந்ததை 15 முதல் 20 மில்லிசெகண்ட் தாமதப்படுத்திக் கலந்தால், சுவர்கள் இன்னும் தள்ளி இருப்பது போல் தோன்றும். மறைந்த ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியும் அறை மைக்குகளை இப்படித் தாமதப்படுத்தியது உண்டு.

கேட்டவர்

ஓவர்ஹெட்டை நகர்த்தியதில் ஸ்நேர், கிக் இரண்டும் ஒருசேர நிற்கின்றன. 200 ஹெர்ட்ஸில் ஏற்றியிருந்த 6 டெசிபலை முழுவதும் எடுத்துவிட்டேன். ஞாயிறு மதியம் மாடிப்படியில் ஆள் நடமாட்டம் குறைவு. அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு அன்றைக்கு ஸ்பீக்கரைக் கீழே இறக்குகிறேன்.