வகுப்பைப் பார்த்துவிட்டு ஆசிரியரிடம் என்ன பேசுவது?

பாடவேளை:
துறைத்தலைவர் பொறுப்பில் எட்டு ஆசிரியர்களின் வகுப்பை நான் பார்க்க வேண்டும். கையில் இருபது அம்சப் படிவம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எல்லாருக்கும் 4 விழுகிறது, கையெழுத்தாகிக் கோப்புக்குப் போகிறது. அடுத்த முறை போனாலும் அதே மாதிரி வகுப்புதான். 40 நிமிடத்தில் எதைக் குறித்தால் கற்பித்தல் மாறும்?

ஓரப்பெஞ்சு:
இருபதையும் ஒரே நேரத்தில் பார்க்க யாராலும் முடியாது. அதனால்தான் பொத்தாம்பொதுவாக 4 விழுகிறது. வகுப்பைப் பார்த்து ஆசிரியருக்கு உதவுவது பற்றிக் கல்வியாளர் கோல்ட்ஹாமர் 1969-இல் எழுதிய ஐந்து கட்டங்கள் இன்றும் உதவும்: முன்பேச்சு, வகுப்பைப் பார்த்தல், குறிப்பை அலசுதல், பின்பேச்சு, கடைசியாகப் பார்வையாளர் தன் பேச்சையே அலசுதல். பலர் முதலாவதையும் கடைசியையும் விட்டுவிடுகிறார்கள். முன்பேச்சுக்குப் பத்து நிமிடம் போதும், ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை மூன்று: இன்றைய பாடத்தில் மாணவர் எதைச் செய்யத் தெரிந்துகொள்ள வேண்டும், எந்த இடத்தில் தடுமாறுவார்கள், நான் எதைக் குறிக்கட்டும்? மூன்றாவது கேள்விக்கு விடை ஆசிரியரிடமிருந்து வர வேண்டும்.

குறிப்பில் தீர்ப்பு வேண்டாம். "மாணவர் ஈடுபாடு குறைவு" என்று எழுதினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். "10.20: கேள்வி கேட்டார், இருவர் கை தூக்கினர், முதல் வரிசையில் ஒருவர் பதில்" என்றிருந்தால் மறுக்க எதுவுமில்லை.

வரைபடத்தாள்:
குறிக்கும் முறைக்கு வருகிறேன். இருக்கை வரைபடம் ஒன்று போட்டு, கேள்வி யாருக்குப் போனதோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, தானாகப் பதில் சொன்னால் ஒரு புள்ளி. முன்வரிசையிலும் நடுப்பகுதியிலும் கோடுகள் குவிந்து ஓரங்கள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தாலே போதும், விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்று, ஆசிரியர் கேட்ட கேள்விகளை மட்டும் சொல் மாறாமல் எழுதுவது. பெரும்பாலும் "என்ன, எப்போது" என்றே ஓடும். "ஏன், எப்படித் தெரியும்" அரிது. கூடவே காத்திருக்கும் நேரத்தையும் குறியுங்கள். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ செய்த ஆய்வுகளில், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருந்தார்கள். அது மூன்று வினாடி ஆனபோது பதில்கள் நீண்டன, தாமாகப் பேசுபவர்களும் கூடினார்கள். மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகு விடும் இடைவெளியும் இதில் சேரும்; அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "யார் கவனிக்கிறார்கள்" என்று சுற்றிப் பார்த்துக் குறிக்கும் முறையும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சன்னலைப் பார்ப்பவர் யோசித்துக்கொண்டும் இருக்கலாம்.

பாடவேளை:
நன்றி. ஆனால் மதிப்பெண் படிவம் கட்டாயம், கைவிட வழியில்லை. பின்பேச்சிலும் "நல்லா இருந்தது, இன்னும் கொஞ்சம்..." என்று இழுத்து முடிந்துவிடுகிறது.

ஓரப்பெஞ்சு:
படிவத்துக்குத் தனி நாள் போடுங்கள். மதிப்பெண்ணும் உதவியும் ஒரே வருகையில் என்றால் ஒத்திகை பார்த்த பாடம்தான் கிடைக்கும். உதவிக்குப் போகும் நாளின் குறிப்புத் தாளை ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள், நகல் வேண்டாம்.

பின்பேச்சு அன்றோ மறுநாளோ நடக்கட்டும். "எப்படிப் போச்சு?" என்று தொடங்கினால் உங்களுக்குப் பிடித்த பதிலைத் தேடுவார்கள். தாளை முன்னால் வைத்து மூன்று நிமிடம் பேசாமல் இருங்கள். அவரே வாசித்து, கண்ணில் பட்டதைச் சொல்லட்டும். பிறகு ஒரே ஒரு மாற்றம், அடுத்த பாடத்திலேயே செய்யக்கூடியதாக. "மாணவர் பங்கேற்பைக் கூட்டவும்" என்பதை யாரும் நாளைக் காலையில் செய்ய முடியாது. "முதலில் கேள்வி, மூன்று வினாடி, அதன் பிறகு பெயர்" என்பதைச் செய்யலாம். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். நாளைய பாடத்தின் இரண்டு கேள்விகளை வைத்து அங்கேயே சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்.

வரைபடத்தாள்:
ஒரு சேர்க்கை. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் ஆசிரியர் முகம் மட்டுமே தெரியும். பக்கவாட்டில் உட்காருங்கள். மாணவர்கள் தனியாகக் கணக்குப் போடும்போது நான்கைந்து நோட்டுகளைப் பாருங்கள். அருமையாக நடந்த விளக்கத்துக்குப் பிறகு முதல் வரியிலேயே பலர் நின்றிருப்பார்கள்.

நேரக் கணக்கு: முன்பேச்சு 10, பார்ப்பது 20, அலசல் 10, பின்பேச்சு 20 நிமிடம்; ஆக ஒருவருக்கு ஒரு மணி நேரம். எட்டுப் பேரையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். முதலில் நான்கு பேர். இரண்டு வாரத்துக்குள் திரும்பப் போய், ஒப்புக்கொண்ட அந்த ஒரு மாற்றத்தை மட்டும் 15 நிமிடம் பாருங்கள். அது நிலைத்திருந்தால் அடுத்த நால்வர்.