புதுப்பிப்பு: மீசையும் ஸ்நோர்க்கல் மாஸ்க்கும், புறாத்தீவுப் பயணம்

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகில் போகிறோம், மீசை வைத்திருக்கும் அப்பாவின் ஸ்நோர்க்கல் மாஸ்க்கில் (கடலுக்குள் பார்க்கக் கண்ணையும் மூக்கையும் மூடி அணிவது) தண்ணீர் புகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது வாஸ்லின் யோசனைதான். மாஸ்க்கின் கீழ் ஓரம் படும் இடத்தில் மீசை மேல் தடிப்பாகப் பூசினோம், கசிவு நின்றுவிட்டது. வாரை இறுக்கிப் பார்த்ததில் அப்பாவின் கன்னத்தில் தடம் பதிந்ததே தவிர தண்ணீர் நிற்கவில்லை. கரைக்கு வந்ததும் மாஸ்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், வாஸ்லின் அதிலேயே ஊறக்கூடாது.

காலையிலேயே கிளம்பச் சொன்னதும் மிகச் சரி. கரையிலிருந்து தீவு சுமார் ஒரு கிலோமீட்டர்தான். கூட்டம் சேருமுன் தண்ணீர் அவ்வளவு தெளிவு! செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் ஆழமில்லாத இடத்திலேயே சுற்றின. நாம் சீண்டாவிட்டால் அவையே விலகிப் போய்விடும்.

எதிர்பார்க்காதது கடற்கரை. மணலில் உடைந்த பவளத் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன, வெறுங்காலில் குத்தும். செருப்பு கட்டாயம். அப்புறம், மே முதல் செப்டம்பர் வரை போவது நல்லது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அந்தப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும்.