புல்வெட்டு வண்டி, பனித்தூற்றி: சொல்லும் வேலையும் பொருந்த வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் பஃபலோவில் இருக்கும் தம்பி, தன் 3 ஏக்கர் மனைக்கு உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வாங்கப்போவதாகவும் அதன் வகைகளையும் அதில் மாட்டும் பனி அள்ளும் கருவியையும் தமிழில் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தார். இதுவரை வந்த பரிந்துரைகளில் பாதிக்கு மேல் ‘ஏறியமர் புல்லறுப்பான்’, ‘அமர்ந்தோட்டு புல்வெட்டி’ என்ற ரகம். கடையில் வரிசையாக நிற்கும் எல்லா வகையிலும் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும், அதனால் வாங்குகிறவருக்கு இந்தச் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. ஜனவரியில் வாசல் பாதையில் முழங்கால் அளவு பனி கிடக்கும்போது எது வேலை செய்யும், எது கொட்டகையிலேயே நிற்கும் என்பது பெயரிலேயே கொஞ்சமாவது தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

பொதுப்பெயருக்குப் ‘புல்வெட்டு வண்டி’ போதும். நம் மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் நெல் அறுக்கும் மிஷினையே டயர் வண்டி, செயின் வண்டி என்றுதான் சொல்கிறோம். ஈரம் காயாத வயலுக்குச் செயின் வண்டி சொல்லிவிடு என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. வேலையை முன்னால் வைத்து வண்டியைப் பின்னால் சேர்க்கிற இந்த வழக்கம் ஏற்கெனவே கையில் இருக்கும்போது புதிதாக ‘ஆன்’ விகுதி தேடி அலைய வேண்டாம்.

வகைகளில் முதலில், ஸ்டியரிங் இல்லாமல் இரண்டு கைப்பிடிகளால் ஓட்டும் வண்டி. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் ஓட்டம், ஒன்று முன்னேயும் மற்றது பின்னேயும் சுற்றினால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். இதற்கு ‘இடந்திரும்பி’ என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். கேட்கிறவர் இடப்பக்கம் மட்டும் திரும்பும் என்று எடுத்துக்கொள்வார், அதனால் ‘நின்றுதிரும்பி’ என்று வைக்கலாம். மரத்தையும் பூப்பாத்தியையும் சுற்றி வெட்ட இதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் முன்சக்கரங்கள் தம் போக்கில் சுழலும் வெறும் உருளைகள், அவற்றால் வண்டியைத் திருப்ப முடியாது, முழுக்கப் பின்சக்கரப் பிடிமானத்தை நம்பித்தான் ஓட்டம். வழுக்கும் பனியில் அந்தப் பிடிமானம் போனால் வண்டி இழுத்த பக்கம் போகும். தம்பி, உங்கள் ஊருக்கு இது ஒன்றே போதும் என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த இரண்டும் முன்னால் எஞ்சின் வைத்தவை, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இலேசான சட்டம் போட்டு, புல் வெட்டவும் சின்ன டிரெய்லர் இழுக்கவும் மட்டும் செய்ததைப் ‘புல்தரை வண்டி’ எனலாம். கனமான சட்டமும் வலுவான பின் அச்சும் உள்ள, மண்ணில் கலப்பை இறக்கினாலும் தாங்குகிற வண்டிக்கு எல்லோரும் ‘தோட்ட டிராக்டர்’ என்கிறீர்கள். டெல்டாவில் தோட்டம் என்றால் வாழையும் கரும்பும், அங்கே வரிசைக்கு நடுவே ஓடும் மினி டிராக்டர்தான் ஞாபகம் வரும். வீட்டை ஒட்டிய நிலம் நமக்குக் கொல்லை, எனவே ‘கொல்லை டிராக்டர்’. அதற்கு மேல் டீசலில் நாலு சக்கர இழுவையோடு வருவது மினி டிராக்டரேதான், அதற்குப் புதுப்பெயர் எதற்கு? 3 ஏக்கர் என்றால் நம் கணக்கில் 9 மா. நீளமான வாசல் பாதையும் இருந்தால் நான் கொல்லை டிராக்டருக்குக் கீழே இறங்க மாட்டேன், பணம் இடம் கொடுத்தால் மினி டிராக்டர்தான். பின் பி.டி.ஓ., அதாவது எஞ்சின் விசையை வெளியே மாட்டும் கருவிக்குக் கொடுக்கும் தண்டு, நம் ஊர் ரொட்டவேட்டரைச் சுற்றும் அதே நிமிடத்துக்கு 540 சுற்றுதான், அதில் பனி அள்ளும் கருவியையும் மாட்டலாம். ஆனால் பின்னால் மாட்டினால் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ரிவர்ஸில் ஓட்ட வேண்டும், வண்டிக்கு நடு பி.டி.ஓ. இருக்கிறதா, முன்னால் மாட்ட வழி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி இழையில் அதிகம் சண்டை நடந்த சொல், பனி அள்ளி வீசும் ‘ஸ்னோ ப்ளோயர்’ கருவிக்கானது.

> ‘பனி ஊதி’ எளிமையாக இருக்கிறதே, அதையே வைத்தால் என்ன?

ஐயா, அது ஊதுவதில்லை. முன்னால் குறுக்கே கிடக்கும் திருகு பனியை நடுவுக்கு வாரும், பின்னால் வேகமாகச் சுற்றும் விசிறி அதைக் குழாய் வழியாகத் தூக்கி வீசும். 1925இல் கியூபெக்கில் ஆர்தர் சிக்கார்ட் செய்த முதல் வண்டியிலும் வாருவது, வீசுவது என்ற இரண்டு வேலையும் இருந்தது. வாரி வீசுவதற்கு நம் களத்துச் சொல்லே இருக்கிறது: தூற்றுதல். ஆகவே ‘பனித்தூற்றி’. விசிறி இல்லாமல் திருகே வாரி அதுவே எறிகிற சின்னக் கருவி ‘ஒற்றைத்தூற்றி’, விசிறியும் சேர்ந்தது ‘வாரித்தூற்றி’.

> தூற்றுதல் என்றால் பழி சொல்வது. மண்ணை வாரித் தூற்றுவது சாபம். மங்கலமாக இல்லையே.

அந்தப் பொருளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதில் எந்தச் சாபமும் இல்லை. இந்தக் கருவி ஓட்டுகிறவரும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் குழாயைத் திருப்புவார், இல்லையென்றால் எறிந்த பனி முகத்துக்கே வரும். களத்தில் முறத்தோடு நின்றவர்கள் பார்த்த அதே கணக்கு. பனி என்றால் மார்கழியில் சம்பாக் கதிரை நனைப்பதுதானே என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது, அந்தப் பனியை யாரும் வாரப்போவதில்லை, குழப்பம் வராது. தனியாகச் சொல்லும்போது மட்டும் வெண்பனி என்று எழுதிக்கொள்ளலாம்.

தம்பிக்கு ஒன்று, இது சொல் பற்றியது அல்ல. தூற்றி முன்னால் ஏறினால் பின்பக்க எடை குறைந்து சக்கரம் வழுக்கும். சேற்றுழவுக்கு இங்கே டிராக்டர் டயரில் தண்ணீர் நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அங்கே வெறும் தண்ணீர் உறைந்துவிடும். கால்சியம் குளோரைடு கரைசல் உறையாது, ஆனால் கசிந்தால் இரும்பு ரிம்மை அரிக்கும், அதனால் பின்னால் இரும்பு எடைக்கட்டி மாட்டுவது நல்லது. டயரைச் சுற்றிப் போடுவதை ‘டயர்ச் சங்கிலி’ என்றே எழுதுவோம், செயின் என்று மட்டும் எழுதினால் நம் ஆட்கள் அறுப்பு வண்டியை நினைப்பார்கள்.

பி.டி.ஓ.வுக்கு ‘விசைத்தண்டு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் எஞ்சினுக்குள் இருக்கும் தண்டுகளிலிருந்து அது எப்படிப் பிரியும்? ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.