மழைக்கு முன் ராயல் பாமை மொட்டையடிக்கலாமா? பின்பக்கத் தென்னையை எப்படி எடுப்பது?

கேள்வி – கடலோரத் தோட்டம்

திருவான்மியூர், மணல் தரை. காம்பவுண்டை ஒட்டி 25 அடி உயர ராயல் பாம் இரண்டு. மேலே நாலு மட்டையை மட்டும் விட்டு மீதியைக் கழிச்சுட்டா காத்துக்குத் தாங்கும்னு மரம் ஏறுறவர் சொல்றார். சரியா? பின்பக்கம் ஒரு தென்னை: அடிமரத்தில் ரெண்டடி உயரம் வரைக்கும் செம்பழுப்பா நீர் வடியுது, அடிமட்டைகள் தொங்கிப்போச்சு. அதை எடுத்துடலாம்னு இருக்கோம். சுவர் நாலடிதான் தள்ளி இருக்கு, பக்கத்திலேயே ஈபி லைன் போகுது.

பதில் 1 – பச்சைமட்டை

நாலு மட்டை வேண்டவே வேண்டாம் சார். ராயல் பாமுக்கு மாசத்துக்குச் சுமார் ஒரு மட்டைதான் புதுசா வரும். மொட்டையடிச்சா பழைய நிலைக்கு வர ஒரு வருஷம் பிடிக்கும். அதுவரை மரம் சேமிப்பைத் தின்னும், கழுத்து சிறுத்துப் போகும். காத்துல ஒடியறது அந்தக் கழுத்துதான்.

மரத்தோட தலையைக் கடிகாரமா நினைச்சுக்கிட்டு, மூணு மணியும் ஒன்பது மணியும் இருக்கிற கோட்டுக்கு மேலே நிற்கிற மட்டையைத் தொடாதீங்க. கீழே தொங்கிக் காய்ஞ்சதை மட்டும் எடுங்க. எது விழப்போகுதுன்னு மரமே காட்டும்: கழுத்தில் பச்சைக் குழாய் மாதிரி சுத்தியிருக்கிற உறை மஞ்சளாகி, நெடுக வாய் பிளந்து, விளிம்பு தூக்கிக்கிட்டு நிற்கும். அந்த நிலையில் தொரட்டியால் இழுத்தாலே வந்துடும். பச்சை உறையைப் பிய்ச்சா உள்ளே இருக்கிற இளந்தண்டு காயப்படும். ஒரு மட்டை 10 கிலோவைத் தாண்டும், அடியில் யாரையும் நிறுத்தாதீங்க.

காலில் ஆணி கட்டி ஏற விடாதீங்க. பாம் வகையில் பட்டைக்காயம் ஆறாது. தண்டைக் குடையற சிவப்புக் கூன்வண்டு அந்த வாசனைக்குத்தான் வரும்.

அடிமட்டையில் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளி தெரிஞ்சா அது சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறைவு. பழைய மட்டையிலிருந்துதான் குருத்துக்குச் சத்து போகுது. அதை வெட்டினா குறைவு மேலே ஏறும். மணலில் உரம் சீக்கிரம் கரைஞ்சு இறங்கிடும், அதனால பொட்டாஷை மொத்தமா கொட்டாம ரெண்டு மூணு தவணையாப் போடுங்க. மெக்னீசியம் சல்பேட் வருஷத்துக்கு அரைக் கிலோ. அடிமரத்தை ஒட்டாம, அஞ்சடி தூரம் வரைக்கும் சுத்தித் தூவித் தண்ணி விடணும்.

பதில் 2 – வேரடி

தென்னையைப் பத்தி: நீங்க சொல்றது தஞ்சாவூர் வாடல் மாதிரி இருக்கு, கானோடெர்மா பூஞ்சாணம். அடியில் விசிறி வடிவில் செம்பழுப்புக் காளான் முளைச்சிருந்தா உறுதி. கூன்வண்டா இருந்தா துளையும், அதிலிருந்து மென்ற நாரும், புளிச்ச வாடையும் வரும். மரத்தில் காது வெச்சா உள்ளே கரகரன்னு கேட்கும். எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க, ஏன்னா கானோடெர்மான்னா அடிமரம் உள்ளே மக்கியிருக்கும். அந்த மரத்தில் ஆளை ஏத்தவே கூடாது. கிரேனில் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கூண்டிலிருந்து வெட்டணும்.

இது மண் வழியாப் பரவும், ராயல் பாமுக்கும் தொத்தும். தென்னையைச் சுத்தி நாலஞ்சடி தள்ளி ரெண்டடி ஆழம், ஒரு அடி அகலத்துக்குக் குழி வெட்டிடுங்க. ராயல் பாம் ஒவ்வொண்ணுக்கும் வேப்பம்புண்ணாக்கு 5 கிலோ, டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அடக்குற நல்ல பூஞ்சாணம்) 200 கிராம் மக்கின தொழு உரத்தில் கலந்து போடுங்க. தென்னைப் பக்கத் தண்ணி ராயல் பாம் பக்கம் ஓட விடாதீங்க.

பதில் 3 – ரம்பமும் கயிறும்

முதல்ல மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்த வைங்க. ஈர மட்டை கம்பியில் உரசினாலே ஆபத்து.

வரிசை: காய், மட்டை, கொண்டை, அப்புறம் தண்டு மேலிருந்து ரெண்டடித் துண்டுகளா. ஒரு அடி குறுக்களவு இருந்தா அடிப்பக்கத்தில் ஒரு துண்டே சுமார் 40 கிலோ வரும். கயிறு கட்டின பிறகுதான் ரம்பம் வைக்கணும். தென்னைநார் செயின்சா மூடிக்குள்ளே போய் அடைச்சுக்கும், வெளிவட்டம் இரும்பு மாதிரி இருக்கும். மாத்துச் செயின் கையில் இருக்கட்டும்.

அடிக்கட்டை திரும்பத் துளிர்க்காது, ஆசிட் ஊத்த வேண்டியதில்லை. (அரேக்கா பாம் வேற, அது புதரா வர்றதால கிழங்கோட தோண்டணும்.) சாதாரணமா அப்படியே மக்க விட்டுடலாம், ஆனா கானோடெர்மான்னா விடக்கூடாது. தென்னைவேர் விரல் கனத்துக்கு மேல தடிக்காது, சுவரைப் பிளக்காது. சுத்தி ரெண்டடி தோண்டி, கடப்பாரையால் வேரை அறுத்துக்கிட்டே வந்தா கட்டை அசையும். நாலடியில் சுவர் இருக்கும்போது ஜேசிபியால் இழுத்தா அஸ்திவார மண்ணோட பெயர்ந்து வரும், வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

காளான் இருக்கு, பார்த்துட்டேன். கட்டையைத் தோட்டத்து மூலையில் போட்டு வைக்கலாமா? அதே குழியில் பனங்கன்று வைக்கணும்னு வீட்டில் ஆசை.

பதில் 2 – வேரடி

ரெண்டும் வேண்டாம். மக்கின தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அதே வாரம் வெளியேத்திடுங்க. குழியில் பனை, தென்னை, ஈச்சை எதுவும் வைக்காதீங்க. பனைக்கு வேற இடம் பாருங்க, அதுவும் யோசிச்சு வைங்க: 2021 வேளாண் பட்ஜெட் அறிவிப்புக்குப் பிறகு பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்.