"ஒரு நாள்தானே, சாப்பிடு!" – உங்களுக்கு நடந்தது உண்டா?

தயிர்சாதம்84:

கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர், வேளச்சேரி பக்கம் ஒரு பிரியாணிக் கடை, ஞாயிறு மதியம். எனக்குச் சுகர் என்று தெரிந்து ஏழு மாதம். HbA1c என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை 8.4-இல் இருந்து 6.9-க்கு இறக்கியிருந்தேன். அதற்கு என்னென்ன விட்டேன் என்று சுகர்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. நான் போய்ச் சேர்வதற்குள்ளேயே "பக்கெட் சொல்லியாச்சு மச்சான்" என்றார்கள். சரி, எனக்கு மட்டும் கிரில் சிக்கன் கால் பாகம் போதும் என்றேன்.

ஒருவன் எழுந்து என் பின்னால் வந்தான். தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு கரண்டி சோற்றை என் தட்டில் கொட்டினான். அதன் மேல் லெக் பீஸ். எதிரில் இருந்தவன் போனில் வீடியோ எடுக்கிறான். "டாக்டருக்கு அனுப்புடா!" எல்லாரும் கைதட்டுகிறார்கள். பக்கத்து மேசைக் குழந்தை ஒன்று, எதற்கு என்றே தெரியாமல், சேர்ந்து தட்டியது.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நானே நகர்த்தினேன். வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் 286. அது மறுநாள் காலைக்குள் இறங்கிவிட்டது. வீடியோ மட்டும் இன்னும் குரூப்பில் கிடக்கிறது. அதில் என் முகத்தைப் பார்த்தால், அங்கே அதிகம் சந்தோஷமாக இருந்தவன் நான்தான் என்று தோன்றும். அதுதான் உறுத்துகிறது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நாமக்கல்_பண்ணை:

நான் எதிர்க்கட்சி. தோளுக்கு மேலே நீண்ட அந்தக் கை என்னைப் போன்றவனுடையது.

எங்கள் குடும்பத்துக்குக் கோழிப்பண்ணைதான் சோறு. புரட்டாசி வந்தால் கறிக்கோழி விலை விழும். ஊரே கறியை நிறுத்துவதால்தான் விழுகிறது. அந்த மாதம் வீட்டில் அப்பா முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தே வளர்ந்தவன் நான். விரதத்தை ஆட்கள் எவ்வளவு கறாராகப் பிடிக்கிறார்கள் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் செய்தேன்.

ராத்திரி தள்ளுவண்டிக் கடை. நண்பன் வெஜ் ரைஸ் சொன்னான். மாஸ்டரிடம் கண்ணைக் காட்டி, அதிலும் ஒரு முட்டை உடைக்கச் சொன்னேன். தெரியாமல் தின்றுவிடுவான், அப்புறம் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று கணக்கு.

நாலாவது வாயில் நிறுத்தினான். ஸ்பூன் முனையால் மஞ்சளாக ஒரு இழையை ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தான். அப்புறம் இன்னொன்று. அதற்கு அடுத்து மூன்றாவது. வரிசையாக. யாரையும் பார்க்கவில்லை. நான்தான் "முட்டைதானடா, அதுவும் வெஜ்தான்" என்று உளறினேன். வாயைக் கொப்பளித்தான், அவன் பங்கு காசைக் கொடுத்தான், வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

சண்டை எல்லாம் இல்லை. என் தங்கை கல்யாணத்தில் மூன்று நாள் கூடவே நின்று வேலை பார்த்தான். ஆனால் இன்று வரை எந்தக் கடைக்குப் போனாலும், அவன் தட்டு நிரம்பும் வரை அடுப்புப் பக்கத்திலேயே போய் நின்றுகொள்கிறான். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம்.

பில்_பாதி:

இரண்டு பேரும் மனசைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஆபீஸ் ஆறு பேர், நான் தின்றது ஒரு பன்னீர் தோசை, கடைசியில் "ஆறால் வகுத்துடலாம்" என்று என் தலையில் 1,140 ரூபாய். தோசை அதிகம் போனால் 160 இருக்கும். முடிந்தது என் கதை.

இனிமேல் மாட்டாமல் இருக்க: உட்காரும்போதே பரிமாறுபவரிடம் "எனக்குத் தனி பில்" என்று சொல்லிவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு சொன்னால் கஞ்சன் என்பார்கள், முன்னால் சொன்னால் யாரும் கவனிப்பதில்லை. அப்புறம் பில்லை வரிவரியாகப் பாருங்கள். சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மத்திய அரசுக்கு 2.5, மாநிலத்துக்கு 2.5. மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதன் வரி வேறு கணக்கு. அதனால் குடிக்காதவன் பங்கைப் பிரித்துக் காட்டுவது சுலபம். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லலாம். தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின, 2025 மார்ச்சில் அங்கேயும் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பு. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம். நான் ஒருமுறை மேசையிலேயே அந்த எண்ணைப் போட்டுக் காட்டினேன், மேனேஜர் உடனே பில்லை மாற்றிக் கொண்டுவந்தார். அன்றைக்கு என்னோடு வந்தவர்கள் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை, அது வேறு விஷயம்.

மாடிப்படி:

பில்_பாதி, கேட்டது இது இல்லையே சார்.

எனக்கு நடந்தது தலைகீழ். என்னைத் தின்னச் சொல்லி யாரும் வற்புறுத்தியதில்லை. ஹாஸ்டல் தோழிகள் மதுரையில் கூடினோம், பரோட்டா. இரண்டு முடித்து மூன்றாவதைப் பிய்த்துப் போட்டேன். சால்னா வாளியோடு வந்த அண்ணன் என் தட்டுக்கு நேரே நின்றார். பக்கத்தில் இருந்தவள், எனக்கு ரொம்ப வேண்டியவள், என் தட்டின் மேல் உள்ளங்கையைக் குடை மாதிரி விரித்து, "இவளுக்குப் போதும்ணே" என்றாள். அண்ணன் நகர்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தோம்.

காய்ந்த பரோட்டாவை ஏன் மென்றேன், "எனக்கு ஊத்துங்க" என்று ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றுகொண்டே தயிர்ச் சோறு தின்றேன். அவளுக்கு இது ஞாபகம்கூட இருக்காது.

வாணியம்பாடி_ரோடு:

நாமக்கல் அண்ணே, உங்கள் நண்பனுக்கு நடந்தது தப்புதான். ஆனால் இங்கே எல்லாரும் "தின்னச் சொன்னார்கள்" என்றே எழுதுகிறீர்கள். தின்னாதே என்று சொல்லப்பட்டவன் கதையையும் கேளுங்கள்.

சென்னையில் வேலை. மதியம் நாலு பேரும் சேர்ந்து போகும் ஒரு மெஸ்ஸில் பீஃப் ஃப்ரை கிடைக்கும். இரண்டு வருஷம் அந்தப் பலகையைப் படித்துவிட்டு மீன் குழம்பு சாப்பிட்டேன். ஒருநாள் சொன்னேன். தட்டு வந்தது. எதிரில் இருந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மெனு அட்டையை எடுத்து இரண்டாக விரித்து, அவன் தட்டுக்கும் என் தட்டுக்கும் நடுவில் நிறுத்தினான். லேமினேஷன் அட்டை, நிற்காமல் சரிந்தது. தண்ணீர் ஜக்கை முட்டுக்கொடுத்து மறுபடியும் நிறுத்தினான். சாப்பிட்டு முடிக்கிற வரை அட்டைக்கு அந்தப் பக்கம் அவன் தலை மட்டும் தெரிந்தது.

எங்கள் பக்கம் சீரகச் சம்பா பிரியாணி, கத்தரிக்காய் தொக்கோடு, எந்தக் கறியில் செய்தாலும் கை ஒன்றுதான். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாகச் சொன்னார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் சொல்லித் தள்ளிவைத்தார்கள். அப்போது அந்த அட்டைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

வடபழனி_டிகிரிகாபி:

@வாணியம்பாடி_ரோடு, அவருக்கு வாடை ஒத்துக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் இந்தக் கண்ணாடி போட்டே பார்க்க வேண்டுமா? எனக்கே மீன் வாடை ஆகாது.

வாணியம்பாடி_ரோடு:

இரண்டு வருஷம் அதே மேசையில் நான் மீன் தின்றேன். ஒரு நாளும் அட்டை வரவில்லை. தவிர, அட்டை வாடையை மறைக்குமா?

வடபழனி_டிகிரிகாபி:

சரி, அது நியாயமான கேள்வி.

ஊசி_பேனா:

தயிர்சாதம், எனக்கு டைப் 1, பதினாறு வயதில் இருந்து இன்சுலின். கோவையில் ஒரு நண்பனுடைய ட்ரீட். ஆர்டர் கொடுத்ததும், பத்து நிமிஷத்தில் வந்துவிடும் என்று நம்பி ஊசி போட்டுவிட்டேன். கூட்டம். முக்கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. வேர்க்கிறது, விரல் நடுங்குகிறது, மீட்டரில் 54, சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது. மேசையில் காபிக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்களைக் கிழித்து ஒவ்வொன்றாக வாயில் கொட்டினேன். அப்போது ட்ரீட் கொடுத்தவன், நல்லவன்தான், என் கையைப் பிடித்துவிட்டான். "டேய், சுகர் வச்சுக்கிட்டு சக்கரை திங்கிறியா? நாங்க இருக்கும்போது விடமாட்டோம்!" பொட்டலங்களைப் பிடுங்கி அடுத்த மேசைக்கே தள்ளிவிட்டார்கள். நாக்கு குழறுகிறது, விளக்க முடியவில்லை. தண்ணீர் வைக்க வந்த பையன்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் ஒரு டம்ளர் கரும்புச் சாறு கொண்டுவந்து வைத்தான். அவனுடைய அம்மாவுக்கும் சுகராம்.

நடைச்சங்கம்:

எனக்கும் அண்ணாநகரில் இதே மாதிரி ஒரு பிறந்தநாள் கேக் விவகாரம், அதை விடுங்கள். தயிர்சாதம் தம்பிக்குச் சில யோசனைகள். வெளியே கிளம்புமுன் வீட்டில் ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கை வேர்க்கடலையும் தின்றுவிட வேண்டும், பசி பாதி அடங்கும். மேசையில் முதலில் காய், அப்புறம் கறி, கடைசியில்தான் சோறு. அந்த வரிசையில் தின்றால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது, என் மீட்டரிலேயே பார்த்திருக்கிறேன். சாப்பிட்டதும் உட்காரக் கூடாது, கால் மணி நேரம் நடக்க வேண்டும். நண்பர்களையும் நடக்க வைக்கலாம். நாங்கள் மாசம் ஒருமுறை பீச் வரை போகிறோம், பதினொரு பேர். அரிசியை விட்டுவிட்டுக் கேழ்வரகுக்கு மாறுங்கள். ராத்திரி வெந்தயம் ஊறப்போட்டு...

ஊசி_பேனா:

ஐயா, கேழ்வரகிலும் மாவுச்சத்து இருக்கிறது, அளவில்லாமல் தின்றால் அதுவும் ஏறும். அவருக்கு டாக்டர் இருக்கிறார். உங்கள் கேக் கதையைச் சொல்லியிருக்கலாம்.

தேக்கா_பஸ்:

சிங்கப்பூர். என் கதையில் யாரும் வற்புறுத்தவில்லை, அதுதான் சிக்கல். நாங்கள் ஐந்து பேர், நான் ஒருவன்தான் முஸ்லிம். ஹாக்கர் சென்டர் போனால் அவரவர் கடையில் வாங்கி ஒரே மேசையில் உட்காருவோம். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கும்போது மட்டும் ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு, நான் ஒரு பக்கம் போவேன், அவர்கள் ஒரு பக்கம் போவார்கள், கைகழுவும் இடத்தில் மறுபடி சேர்வோம். ஒரு தொந்தரவும் இல்லை. உணவகம் என்றால்தான் தகராறு, ஏனென்றால் மொத்தப் பேரும் ஒரே கடைக்குள் போக வேண்டும்.

ஒருத்தி வேலை மாறிப்போகிறாள், வழியனுப்பு விருந்து. அவளுக்கு ஆசை ஒரு சீனக் கடல் உணவுக் கடை. யாரோ "அங்கே ஹலால் இல்லையே" என்று ஞாபகப்படுத்தினார்கள். எல்லாரும் "ஆமாமா, மாத்திடலாம்" என்றார்கள். அவளும்தான். ஆனால் சொல்வதற்கு முன் மூக்கு வழியாக ஒரு சின்ன மூச்சு விட்டாள். அவ்வளவுதான். வழக்கமான மலாய்க் கடைக்கே போனோம், நன்றாகவே இருந்தது. நான் வரவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் ஆசைப்பட்ட நண்டைத் தின்றிருப்பாள். சொல்லியிருந்தால் அதற்கும் கோபித்திருப்பாள்.

நல்லூர்_வெயில்:

நான் யாழ்ப்பாணம், வேலை கொழும்பில். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, எங்கே இருந்தாலும் நானும் தொடமாட்டேன். வெள்ளவத்தையில் சிநேகிதிகளோடு கொத்து ரொட்டி சாப்பிடப் போனோம். மரக்கறிக் கொத்து இருக்கு என்றார்கள். இருந்தது. ஆனால் எனக்கு முன்னால் மாட்டிறைச்சிக் கொத்து போட்ட அதே தகட்டில்தான் போடுவார்கள். கழுவிவிட்டுப் போடுங்கோ அண்ணா என்று கேட்டேன்.

கொத்துச் சத்தம் நின்றது. கேட்டவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் நின்றால் கடையே நின்ற மாதிரி. பின்னால் வரிசையில் பத்துப் பேர். ஒரு சிநேகிதி என் காதுக்குள், "முருகன் வெள்ளவத்தைக்கு வந்து பார்க்க மாட்டார், பேசாமல் வாங்கு" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணா தண்ணீர் ஊற்றித் தகட்டைச் சுரண்டிக் கழுவினார், ஆவி எழும்பி என் கண்ணாடி மூடியது. ஒன்றும் தெரியாமல் நின்றேன். பின்னால் யாரோ, "சாமியாரம்மா முடிச்சிட்டாவோ?" என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. இப்போது திருவிழாக் காலத்தில் நான் கொத்துக் கடைக்கே போவதில்லை, இடியப்பம் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுவேன்.

தயிர்சாதம்84:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. நடைச்சங்கம் ஐயா, வெள்ளரிக்காய் வாங்கியாயிற்று.

நேற்று மறுபடி கூடினோம், அதே கடை. இந்த இழையின் சுட்டியைக் குரூப்பில் போட்டிருந்தேன், எல்லாரும் படித்திருக்கிறார்கள். நான் போவதற்குள் எனக்கென்று ஒரு கிண்ணம் முளைகட்டிய பயறு, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, எலுமிச்சைத் துண்டு எல்லாம் தயார். இவர்களுக்காக அந்தக் கடையில் அதை எப்படிச் செய்ய வைத்தார்கள் என்றே தெரியவில்லை. ஒரு கப் சோறு வரை பரவாயில்லை என்று டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருந்தார், அதை நினைத்துக்கொண்டே காலையில் இருந்து பசியோடு வந்திருந்தேன். கரண்டியைத் தொட்டேன். நாலு பேரும் ஒரே குரலில், "தொடாதே!" வீடியோ எடுத்தவன் இந்தத் தடவையும் எடுத்தான். லெக் பீஸ் அவனுக்கே போய்விட்டது.

பில்_பாதி:

பயறுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

தயிர்சாதம்84:

ஐந்தில் ஒரு பங்கு. 530.